என் பெயரில் உங்கள் இரத்தம்

இருந்த காலத்திலும் இப்போதும் நான் எதிர்த்துப் பேசிக்கொண்டே பயப்படுகிற என் பிரான்சிஸ் அண்ணைக்கு,

நான் சுகமில்லை. உங்கள் சுகத்தை விசாரிக்கிற காலம் முடிந்து இன்றோடு ஒரு வருடமாகிறது. ஆகவே கடிதத்தில் வழக்கமாக முதலில் வருகிற இரண்டு வரியும் இத்தோடு சரி. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை உங்கள் ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அண்ணி நேற்றே கார் ஓடி வந்துவிட்டார். பனி கொட்டியும் கோயிலில் ஆட்கள் குறையவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: “பேப்பருக்கு நினைவஞ்சலி குடுத்திட்டியளோ?” இங்கே மொன்றியலில், எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மரக்கறிக் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த இலவசப் பத்திரிகை. பாசத்தின் உறைவிடமே, பண்பின் சிகரமே என்று அவர்களிடமே நாலு வரி தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

பெயரை மட்டும் மாற்றிப் போடுகிற வேலையை நான் உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டேன், அண்ணை. இன்னொரு தடவை செய்ய எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் பகல் மூன்று மணிக்குக் குசினி மேசையில் இருந்து அந்தப் பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

எனக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. மார்கழியில் கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி நாளும் குறித்தார்கள். இப்போது அந்த நாளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? என் இரத்தம் என்னுடையது இல்லையாம்.

கோப்பில் பி பாசிட்டிவ் என்று இருக்கிறது. என் கையில் குத்தி எடுத்ததோ ஓ பாசிட்டிவ். குழாய் மாறிவிட்டதோ என்று தாதி என்னைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை எடுத்தாள். அதுவும் ஓ. பிறகு மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்து என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். “இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு மாரடைப்பு வந்து, நாளத்துக்குள் கம்பிக் குழாய் வைத்திருக்கிறதே, அதற்குப் பிறகு ஏன் ஒருநாளும் காட்ட வரவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

அந்த பி பாசிட்டிவ் நீங்கள். அந்த மாரடைப்பும் நீங்கள். என் பெயரில் உள்ள கோப்பில் ஆறு நாள் படுத்திருந்தது நீங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோப்பில் இரண்டு மனிதருடைய இரத்தம் எப்படி வந்தது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். அது தெளியும்வரை கத்தி வைக்க மாட்டார்கள். கட்டி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் உள்ளே தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் யார் என்று கொஞ்சமாவது சொல்லாவிட்டால் இது வெறும் களவுக் கதையாகிவிடும். அப்படி ஆக நான் விடமாட்டேன்.

நீங்கள் நியூ ஹாம்ஷயரில் ஒரு பெற்றோல் ஷெட்டும் அதோடு ஒட்டிய சின்னக் கடையும் வைத்திருந்தீர்கள். மொன்றியலில் இருந்து நாலு மணித்தியால ஓட்டம். உங்கள் காரின் இலக்கத் தகட்டில், சுதந்திரமாக வாழ், இல்லையேல் சாவு என்று அந்த மாநிலத்தின் வாசகம் இருக்கும். எங்கள் தெருவில் நிறுத்தினால் மேல் மாடிப் பஞ்சாபிக் கிழவர் அதை நின்று வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போவார். தேர்தல் வருடங்களில் உங்கள் வீட்டு முற்றத்தில் யானைச் சின்னக் கட்சியின் பலகை நிற்கும். ஊரில் ஆண்ட கட்சியின் யானைச் சின்னத்தைக் கண்டாலே காறித் துப்புகிற எங்கள் ஐயா சவரிமுத்துவின் மூத்த மகன், அமெரிக்காவில் யானைக்குப் பலகை நட்டிருக்கிறான்! நீங்கள் கொண்டு வந்து காட்டிய அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி றீற்றா தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள்.

“டேய் செபஸ்ரி, விசரன் மாதிரிச் சிரிக்காதை,” என்றீர்கள். “அரசாங்கம் எண்டது வீட்டு நாய் மாதிரி. சின்னனா, சொல்வழி கேக்கிறதா இருக்கோணும். ஊரில அது வளந்து எங்களையே கடிச்சது மறந்து போச்சோ உனக்கு?”

எனக்கு மறக்கவில்லை. அடையாள அட்டையில் எழுத்து அழிந்திருந்தது என்று உங்களை இராணுவ முகாமுக்குக் கொண்டு போய்ப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். அம்மா அந்தப் பதினாறு நாளும் வாசலில் முழங்காலில் இருந்தா. வெளியே வந்த பிறகு நீங்கள் எந்த அட்டையையும் நம்பவில்லை. எங்கே ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு பதிவுப் புத்தகம் இருந்தாலும் உங்களுக்கு வேர்க்கும். அமெரிக்காவில் நீங்கள் பிடித்த கொள்கையை உங்களுக்கு அங்கே நாள் முழுக்க அரசியல் பேசுகிற வானொலிக்காரன் கற்றுத் தரவில்லை, அந்த முகாம்தான் கற்றுத் தந்தது. இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அப்போது நான் உங்களோடு வாதாடினேன். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வாதம். நீங்கள் சுயநலத்தைப் புகழ்ந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம்.

“சுயநலம் எண்டால் கெட்ட சொல்லில்லையடா. நான் காலமை ஐஞ்சு மணிக்குக் கடை திறக்கிறது சனத்தில இருக்கிற பாசத்தாலயோ? எனக்குப் பிள்ளையள் இருக்கு, அதால திறக்கிறன். வேலைக்குப் போறவனுக்குச் சூடாக் கோப்பி கிடைக்குது. ஆருக்கு நட்டம், சொல்லு? அவனவன் தன்ர அலுவலைப் பாத்து, தான் செய்ததுக்குத் தானே பொறுப்பெடுத்தால் அரசாங்கத்துக்கு இவ்வளவு வேலை இல்லை.”

“அப்ப உங்கட றோட்டில பனியை ஆர் தள்ளுறது? வானத்தில இருந்து சம்மனசு வந்து தள்ளுதோ?”

“அது ஊர்க்கூட்டத்தில முடிவெடுக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில எல்லாரும் இருப்பம், பொறுப்பில இருக்கிறவை எனக்கு முன்னால எழும்பி நிண்டு பதில் சொல்லுவினம். நான் கை உயர்த்தினால் எண்ணுவினம். அந்தளவு அரசாங்கம் எனக்குப் போதும்.”

உங்கள் ஊர்க்கூட்டத்தைச் சொல்லும்போது மட்டும் உங்கள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிடும். உங்கள் கையை ஒரு நாடு எண்ணியது உங்களுக்கு அதுதான் முதல் தடவை. அதை நான் பகிடி பண்ணியிருக்கக் கூடாது.

“சரி அண்ணை, விழுந்து எழும்ப ஏலாமப் போனால்?” என்று கேட்டேன்.

“எழும்ப ஏலாதவனுக்குப் பக்கத்தில இருக்கிற மனிசர் கை குடுப்பினம். கோயில் இருக்கு. அயலவன் இருக்கிறான். உன்னை மாதிரித் தம்பிமார் இருக்கினம். என்னத்துக்கு அரசாங்கம்?”

அந்த வார்த்தையைச் சொன்ன வருடமேதான் விழுந்தீர்கள். 2004, உங்கள் தேர்தல் வருடம். ஐப்பசியில் இரண்டு நாட்டுக்கும் ஒன்றாக வருகிற நீண்ட வார இறுதி. ஞாயிறு மத்தியானம், றீற்றா நண்டுக் கறி வைத்திருந்தாள். நண்டுக் காலை உடைத்துக்கொண்டே என்னோடு வாதாடியவர், திடீரென்று கையைத் துடைத்துவிட்டு, “கொஞ்சம் படுக்கப் போறன்,” என்றீர்கள். நெற்றி நனைந்திருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வேண்டாம் என்றீர்கள். கடையைப் பெருப்பித்த வருடம் மருத்துவக் காப்புறுதியை நிறுத்திய கதையை அப்போதுதான் சொன்னீர்கள். “அங்கயும் இல்லை, இஞ்சயும் இல்லை. என்ர உடம்பு என்ர பொறுப்பு. பேசாம விடு, பேந்து சரி வரும்.” உதடு நீலமாகிக்கொண்டு வந்தது, அண்ணை. நான் உள்ளே ஓடிப் போய் என் பேர்ஸைத் திறந்து, சூரியன் அஸ்தமிக்கிற படம் போட்ட, இங்கே இருக்கிறவர்களுக்கு இலவச வைத்தியம் தருகிற என் அரசாங்க மருத்துவ அட்டையை எடுத்து வந்து உங்கள் சேர்ட்டுப் பைக்குள் திணித்தேன். அந்த அட்டையில் இருக்கிற என் முகப் படத்தைப் பார்த்தால் அம்மாவே நீங்கள் என்றுதான் சொல்லியிருப்பா. ஒன்றரை வயது வித்தியாசம், ஒரே மீசை, ஒரே சொட்டை. இரண்டு பேருக்கும் கடைசிப் பெயர் ஐயாவின் சவரிமுத்து. வெள்ளைக்காரனுக்கு எங்கே வித்தியாசம் தெரியப் போகிறது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

காருக்குள் நீங்கள் அதை வெளியே எடுத்து என் மடியில் போட்டீர்கள். “வேண்டாமடா. இது களவு.”

“வாயை மூடுங்கோ. உங்கட கொள்கையைச் சவக்காலைக்கே கொண்டு போகப் போறியளோ?” என்று கத்தினேன். திரும்பவும் உங்கள் பைக்குள் திணித்தேன். அதற்குப் பிறகு உங்களுக்குப் பேச மூச்சு இல்லை.

பிரெஞ்சு பேச வேண்டிய எந்த அரசாங்கக் கந்தோருக்கு நான் போனாலும் என் மகள் கிறிஸ்ரினைக் கூட்டிக்கொண்டு போவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. எனக்கு பொன்ஜூரும் மெர்சியும்தான். அன்றைக்கும் கூட்டிப் போனேன். அவளுக்குப் பதினொரு வயது. அவசரப் பிரிவில் தாதி அட்டையைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், பிறகு குனிந்து கிறிஸ்ரினிடம், “இவர் உன் அப்பாவா?” என்று கேட்டாள். கிறிஸ்ரின் “உய்” என்றாள். ஒரேயொரு ஓம். அதைத் தாதி எழுதிக்கொண்டாள். உங்களைத் தள்ளிக்கொண்டு கதவுக்குள் போய்விட்டார்கள்.

ஆறு நாள். கட்டில் தலைப்பில் என் பெயர், கையில் கட்டிய பட்டியில் என் பிறந்த நாள். தாதிமார் “மிஸ்யூ சவரிமுத்து” என்று கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம், பிறகு நான் சுவரைப் பார்ப்பேன். நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களின் லேபிள் சரி பார்க்கிறவன். ஒரு போத்தலில் மாத்திரம் லேபிள் மாறியிருந்தாலும் மணியடித்து முழு வரிசையையும் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு வருடமாக நிறுத்துகிறேன். அந்த ஆறு நாளும் வேலைக்குப் போய் வரிசையில் நின்றபோது என் கண்ணுக்கு எல்லாப் போத்தலும் மாறியே தெரிந்தது.

உங்களை வீட்டுக்குக் கூட்டி வருகிறபோது காரில் ஒன்று சொன்னீர்கள். “நல்லாப் பாத்தாங்களடா. ஒரு குறை சொல்ல ஏலாது. அதுதான் எனக்கு விசராக் கிடக்கு.” பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நீங்கள் அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

நியூ ஹாம்ஷயருக்குத் திரும்பிப் போனதும் யானைப் பலகையைப் பிடுங்கிக் கராஜுக்குள் வைத்துவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னார். தேர்தல் வர இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு அரசியல் பேசவேயில்லை. தொலைபேசியில் பனியைப் பற்றிப் பேசினோம். எவ்வளவு பனி! வாதாடுகிற அண்ணையை நான் அன்றைக்கே இழந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றீர்கள். “ஒருக்கா எண்டால் பதட்டத்தில செய்தது. ரெண்டாம் தரம் எண்டால் அது தொழில்.” நான் வற்புறுத்தினேனா? உள்ளதைச் சொல்கிறேன், வற்புறுத்தவில்லை. நீங்கள் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிடிபட மாட்டேன் என்ற நிம்மதி. கொண்டு போன மருந்து முடிந்ததும் நிறுத்திவிட்டீர்கள். அங்கே வேறு டொக்டரிடமும் காட்டவில்லை. போன வருடம் மாசி மாதம் ஒரு காலையில், கோப்பியைக் கொதிக்க வைத்துவிட்டுக் கடை மேசைக்குப் பின்னால் சரிந்தீர்கள். உங்கள் பெற்றோல் ஷெட்டில் முதல் வாடிக்கையாளனாக வந்த லொறிக்காரன்தான் உங்களைக் கண்டானாம்.

அந்த அயலவனும் கை கொடுக்கத்தான் பார்த்தான், அண்ணை. நேரம் போய்விட்டது.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். அட்டையைப் பறித்துவிடுவார்களா? ஒப்பரேஷன் இல்லாமலே போய்விடுமா? பொலிஸ் வருமா? றீற்றாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது, அதில் கை வைப்பார்களா? தொழிற்சாலையில் தெரிந்தால் லேபிள் பார்க்கிற இடத்தில் என்னை நிற்க விடுவார்களா? கதவில் தபால்காரன் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி விலாசம் பார்க்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சாமியிடம் ஒழுங்காகச் சொன்னதில்லை. “சின்னச் சின்னப் பொய்கள் சொன்னேன் சுவாமி,” என்று மற்றதுகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் அரசாங்கத்துக்குப் பயந்து அதைச் சின்னதாக்கப் பார்த்தீர்கள். நான் அதே பயத்தில் அதன் கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே நாங்கள்.

இன்று மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள். பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தோம். அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். உங்கள் கடை மேசை லாச்சிக்குள், லொத்தர் தாள்களுக்கு அடியில் கிடந்ததாம். ஆஸ்பத்திரியின் விலாசம் உங்கள் கையெழுத்தில். முத்திரை ஒட்டவில்லை. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நீங்கள் நியூ ஹாம்ஷயர் திரும்பி ஒரு கிழமைக்குள் எழுதியது.

தம்பியின் மேலங்கியிலிருந்து அவனுக்குத் தெரியாமல் அட்டையை எடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அவன் குடும்பத்தில் ஒருவருக்கும் இதில் பங்கில்லை என்றும், முழுப் பொறுப்பும் உங்களுடையது மட்டுமே என்றும். கீழே கையெழுத்து.

ஐயோ அண்ணை. பொய்யே சொல்லத் தெரியாத மனிதர், எனக்காக இவ்வளவு வடிவாக ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏன் அனுப்பவில்லை? பயமா? அல்லது அந்தப் பொய்யில் கையெழுத்திட்ட பிறகு தபாலில் போடக் கை வரவில்லையா?

“உதைக் கொண்டு போய்க் குடுங்கோ,” என்றார் அண்ணி. “அவர் உங்களுக்காகத்தானே எழுதி வைச்சவர்.”

றீற்றா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இஞ்சேருங்கோ, செத்த மனிசனை ஆர் பிடிக்கப் போகினம்? உங்களை வெட்டிச் சுகப்படுத்தோணும். அதைப் பாருங்கோ முதல்.” பிறகு கிறிஸ்ரின் பக்கம் திரும்பினாள். “பிள்ளை, உன்னட்டக் கேட்டால் எனக்கு அப்ப சின்ன வயசு, ஒண்டும் ஞாபகம் இல்லை எண்டு சொல்லு.”

தாதி எழுதிக்கொண்ட அந்த “உய்” கோப்பில் இருக்கிறதல்லவா. உங்கள் கடிதம் செல்லுபடியாக வேண்டுமானால் கிறிஸ்ரின் இன்னொரு பொய் சொல்லியாக வேண்டும். றீற்றா அதைக் கணத்தில் பிடித்துவிட்டாள். தாய் கெட்டிக்காரி. அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் என் உயிருக்குத்தான் பயப்படுகிறாள்.

கிறிஸ்ரின் கரண்டியை வைத்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. உங்களைப் போலவே நிமிர்ந்த நாடி. “மே நோன், இல்லை அம்மா,” என்றாள். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பெரியப்பா எடுக்கேல்லை. அப்பா தான் குடுத்தவர். அந்த மிஸ் என்னட்டக் கேக்கேக்க நான் அப்பாவின்ர முகத்தைப் பாத்தனான். அப்பா தலையாட்டினவர். அதுக்குப் பிறகுதான் நான் உய் எண்டனான்.”

பிறகு அவள் சொன்னதை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

“பெரியப்பா செத்த நேரம் நான் நினைச்சனான், நான் அவரை அப்பா எண்டு சொன்னபடியாத்தான் செத்தவர் எண்டு. கடவுள் ஆள் மாறிக் கொண்டு போயிட்டார் எண்டு. பேந்து கடவுளுக்குத் தெரிய வரும், அப்ப அப்பாவைக் கொண்டு போக வருவார் எண்டு ஒவ்வொரு நாளும் பயந்தனான். இப்ப அப்பாவுக்கு வருத்தம் வந்திட்டுது.”

நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வாயில் துவாயை வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு காலமும் இந்த வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன் என்றுதான் நினைத்திருந்தேன். என் பயத்தை நான் ஒரு பிள்ளையின் வாயில் வைத்துத் தைத்திருக்கிறேன், அண்ணை. தான் செய்ததுக்குத் தானே பொறுப்பெடுக்க வேணும் என்று நீங்கள் சொன்னபோது, நான் அதை அமெரிக்கக்காரனின் விசர்க்கதை என்று சிரித்தேன். அந்தப் பொறுப்பைப் பதினொரு வயதுப் பிள்ளை எடுத்து வைத்திருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கொள்கைப்படி பார்த்தால் என் நலனை நான் பார்க்க வேண்டும், உங்கள் கடிதத்தை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதே கொள்கைப்படி பார்த்தால் செய்தவன் நான், நான்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் நீங்கள் ஒரே மூச்சில்தான் சொன்னீர்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் எது முன்னால் போக வேண்டும்? அதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? அல்லது முத்திரை ஒட்டாத அந்த உறைதான் உங்கள் பதிலா?

இன்னொன்றும். அவர்கள் உங்களைக் காப்பாற்றியபோது நீங்கள் யார் என்று கேட்டது அந்த ஒரு கேள்விதான். நாங்கள் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போயிருப்பார்களோ? நீங்கள் உங்கள் சொந்தப் பெயரில் படுத்திருந்தால், வெட்கமில்லாமல் மூன்றாம் மாதம் காட்ட வந்திருப்பீர்களோ? இன்றைக்கு யானைப் பலகையோடு உயிரோடு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்களோ? பொலிஸைவிட எனக்கு இதுதான் பயம்.

முடிவைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கிறிஸ்ரினைக் கூட்டிப் போகமாட்டேன். அவள் பள்ளிக்கூடம் போகட்டும். உங்கள் கடிதத்தையும் கொண்டு போகமாட்டேன். அதை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தப் பொய் அன்புக்கு எழுதியது, கோப்புக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் நானே சொல்லப் போகிறேன். சற்று முன் கிறிஸ்ரினைக் கூப்பிட்டு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. இரண்டு தரம் திருத்தினாள், மூன்றாம் தரம் சரி என்றாள். “ஸெத்தே மோன் ஃப்ரேர். ஸே முவா.” அது என் அண்ணன். செய்தது நான்.

ஒன்பதரைக்கு அங்கே நிற்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே போகிறேன். நீங்கள் கேட்ட அந்த அரசாங்கத்தை, மனிதர் எழும்பி நின்று ஒருவருக்கொருவர் பதில் சொல்கிற அரசாங்கத்தை, என்னால் அமைக்க முடியாது. எழும்பி நிற்க மட்டும் முடியும்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் இந்தத் தாள்களைப் பத்திரிகையில் போடச் சொல்லி மரக்கறிக் கடைக்காரரிடம் கொடுப்பேன். அதற்கு முன் கொடுக்கமாட்டேன், இதுவும் வாக்கு. ஆகவே அந்தக் கடை வாசலில் நின்று யாராவது இதை வாசிக்கிறார்கள் என்றால், நான் போயிருக்கிறேன், அண்ணை. சொல்லியிருக்கிறேன். உங்களை உங்கள் பெயருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
சவரிமுத்து செபஸ்ரியன்
ஓ பாசிட்டிவ்